லிஃப்ட் கதவு மூடும்வரை

அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அறுவை வார்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று தலைமை டாக்டர் எழுதியது. அறுபத்து நான்கு பக்கம், வழவழப்பான அட்டை, அட்டையில் அவருடைய புகைப்படம். இன்னொன்றை யாரும் எழுதவில்லை. அது லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் அமலுக்கு வரும். முதல் சட்டத்தால் தலைமை டாக்டருக்குப் பெயர் வந்தது. இரண்டாவதால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஏழாம் எண் கட்டிலில் கிடந்தவளுக்கு எட்டு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று நாட்களுக்கு முன்பு, குடியிருப்பின் இரும்பு இழுகேட்டில் தொற்றிக்கொண்டு ரயில் ஓட்டியிருக்கிறாள். கேட் ஓடும் தண்டவாளத்தின் முனையில் அதைத் தடுத்து நிறுத்த ஒரு கட்டை இருக்க வேண்டும். அன்றைக்கு அது இல்லை. ரயில் தடம் புரண்டு ஓட்டுநர் மேலேயே சாய்ந்துவிட்டது.

"எலும்பு ஒண்ணும் முறியலையாமே, பெரிய கண்டம் தப்பிச்சது" என்று பார்க்க வந்த உறவெல்லாம் சொல்லிவிட்டுப் போனது. பிள்ளைகளின் விலா எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. ஒடியாது, வளையும். வளைந்த வேகத்தில் உள்ளே இருக்கும் நுரையீரலை நசுக்கிக் கிழித்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாததுபோல நிமிர்ந்து நின்றுகொள்ளும். பெரிய பதவியில் இருக்கும் சிலருக்கும் இந்தத் திறமை உண்டு.

கிழிசல் வழியாக ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கியது. தேங்கிய காற்று நுரையீரலை விரிய விடாமல் நெருக்கியது. அதனால் அக்குளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, பென்சில் கனத்தில் ஒரு குழாயை உள்ளே இறக்கி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்கடியில் இருந்த பாட்டிலின் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். தேங்கிய காற்று குமிழி குமிழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

அவளுடைய அப்பா பிளம்பர். முதல் நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"சிஸ்டர்! இங்க லீக் ஆகுது!"

"ஆகணும்ணே. ஆகலைனாதான் கத்தணும்" என்றார் பெரிய சிஸ்டர். வார்டின் தலைமை நர்ஸ், ஐம்பதை நெருங்குபவர், உடம்பு சிறுத்து, குரல் மட்டும் பெருத்தவர். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பிளம்பர்."

"அப்போ நான் பாடம் நடத்தவே வேண்டாம். வாஷ்பேசினுக்குக் கீழ வளைஞ்ச பைப்பு எதுக்கு வைக்கிறீங்க?"

"சாக்கடை நாத்தம் மேல ஏறாம இருக்க. வளைவுல தண்ணி நிக்கும். அழுக்குத் தண்ணி போயிடும், காத்து திரும்பி வராது."

"அதேதான் இது. பாப்பா நெஞ்சுல இருக்கிற காத்து வெளிய வரும். வெளிக்காத்து உள்ள போக முடியாது. நடுவுல தண்ணி காவல் நிக்குது."

பிளம்பர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டிலை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இதுக்குத்தான் டாக்டருங்க பத்து வருஷம் படிக்கிறாங்க. வெளிய சொல்லிடாதீங்க."

பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். பாட்டில் நெஞ்சு மட்டத்துக்கு மேலே வரவே கூடாது. குழாய் எங்கேயும் மடங்கக் கூடாது, நசுங்கக் கூடாது. குழாய்க்குள் ஏறி நிற்கும் தண்ணீர், பிள்ளையின் மூச்சுக்கு ஏற்றபடி ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். "அது ஆடாம நின்னுதுன்னா வேற எதையும் பார்க்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் எங்க இருந்தாலும்."

அன்றைக்கு மாலையே பிளம்பர் தன் பையைத் திறந்து, வார்டின் மூலையில் ஒரு வருடமாக நாறிக்கொண்டிருந்த வாஷ்பேசினின் வளைவுக் குழாயை மாற்றிப்போட்டார். அதற்காக மூன்று விண்ணப்பங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. கால் மணி நேர வேலை.

அந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. கேட்டின் கட்டையைக் கழற்றியவரே அவர்தான். கேட்டுக்கடியில் தண்ணீர் லைன் பதிக்க இடைஞ்சலாக இருந்தது, கழற்றி ஓரமாக வைத்தார், லைன் பதித்தாயிற்று. இரண்டு போல்ட் முடுக்க வேண்டிய வேலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை வருவதற்குள் மகள் ரயில் ஓட்டிவிட்டாள். இது அவர் மனைவிக்கும் தெரியும். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிளம்பரால் தாங்க முடியாதது அதுதான்.

தலைமை டாக்டரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சர்க்குலர் என்று சொல்வார்கள். கத்தி பிடித்துப் பத்து வருடம் ஆயிற்று. பேனா பிடிக்காத நாள் கிடையாது. தும்முவதற்குக்கூட ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். உண்மையாகவே: முழங்கை மடிப்புக்குள் தும்ம வேண்டும், அதற்கு முன்பு பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அவருடைய புத்தகத்தின் பதினான்காவது விதி இது: நெஞ்சில் குழாய் போட்ட குழந்தையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்போது குழாயை, கத்தரிக்கோல் போலப் பிடியுள்ள இரும்புக் கவ்வியான கிளாம்ப் இரண்டு போட்டு அடைத்துவிட வேண்டும். எப்போதோ ஒரு நாள் வராந்தாவில் ஒரு பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. அவர் கண் முன்னால். உடைந்த பாட்டிலை மாற்றுகிற அந்த ஒரு நிமிடத்துக்குக் கிளாம்ப் போட்டார். சரியான காரியம். பிள்ளை பிழைத்தது. அவர் அந்த ஒரு நிமிடத்தை எடுத்து நிரந்தரச் சட்டமாக்கிவிட்டார்.

காற்று கசிந்துகொண்டிருக்கும் பிள்ளையின் குழாயை அடைப்பது, பொங்குகிற பானையை மூடி அதன்மேல் உட்காருவது மாதிரி. ஒவ்வொரு மூச்சும் உள்ளேயே சேரும். முதலில் நுரையீரல் சுருங்கும். பிறகு இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் அதிக நேரம் ஆகாது. வார்டில் எல்லோருக்கும் இது தெரியும். போன வருடம் இதை வாய்விட்டுச் சொன்ன ஓர் இளம் டாக்டர் ஆறு மாதம் பதிவேட்டு அறையில் பழைய ஃபைல்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்துவந்ததை மட்டும் தொடர்ந்தார்கள்.

வார்டு வாசலிலிருந்து லிஃப்ட் நாற்பது அடி. நடுவில் சர்க்குலரின் அறை, கண்ணாடிக் கதவு. எனவே வார்டு வாசலில் ஒரு கிளாம்ப் மாட்டுவார்கள், அதுவும் ஒன்றே ஒன்று, கழற்ற எளிதாக. நாற்பது அடி நடப்பார்கள். லிஃப்ட் கதவு மூடியதும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் தலையைத் தூக்கி லிஃப்ட் ஃபேனை ஆராய்வார். அந்த நேரத்தில் கிளாம்ப் சிஸ்டரின் பாக்கெட்டுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது கதவு திறப்பதற்கு முன்பு மறுபடி மாட்டிக்கொள்ளும். பதினோரு வருடமாக இந்த நாடகம் ஒரு காட்சிகூடப் பிசகாமல் நடந்துவந்தது.

அன்றைக்குக் காலை பத்தரைக்குச் சர்க்குலர் வார்டுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு இஸ்திரி மணத்தது. அதன் மேல் பாக்கெட்டில் ஒரு கிளாம்ப் பளபளத்தது. மற்ற டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்திருப்பதுபோல அவர் அதை வைத்திருந்தார்.

"மேல் மாடியில் புது எக்ஸ்ரே மெஷின் இன்னைக்குத் திறக்கிறோம். மெஷின் கொடுத்தவரே நேர்ல வர்றார். முதல் படம் ஒரு குழந்தைக்கு எடுக்கணும்." கட்டில்களை ஒரு பார்வை பார்த்தார், துணிக்கடையில் பொம்மைக்குச் சேலை தேர்ந்தெடுப்பவர் போல. "அந்தப் பொண்ணு. முகம் நல்லா இருக்கு. ஃபோட்டோல எடுப்பா விழும்."

"சார், பாப்பாவுக்கு இன்னும் குமிழி வந்துட்டிருக்கு" என்றார் பெரிய சிஸ்டர். "தள்ளிட்டு வர்ற பழைய மெஷினை இங்கயே கொண்டுவந்து எடுத்துடலாமே."

"புது மெஷினைத் திறக்கிற அன்னைக்குப் பழைய மெஷின்லயா எடுப்பீங்க?"

இதற்குப் பதில் சொன்னால் அது பதிவேட்டு அறைக்குப் போகும் வழி.

அவர் போனதும் சிஸ்டர் பிளம்பரைக் கூப்பிட்டார். "அண்ணே, உங்களுக்கு ஒரே வேலை. பாட்டிலைக் கையில பிடிங்க. முட்டிக்கு மேல வரக்கூடாது. வாசல்ல நான் குழாயை அடைப்பேன், பயப்படாதீங்க. லிஃப்ட் கதவு மூடினதும் எடுத்துடுவேன். நாற்பது அடிதான்."

"அடைச்சா தண்ணி ஆடாதே?"

"ஆடாது. லிஃப்ட்ல ஆடும்."

"எதுக்கு சிஸ்டர் அடைக்கணும்?"

"அதுவா... அது ஒரு மரியாதை."

வாலு ஸ்ட்ரெச்சரில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். மூச்சுக்கு முன்னூறு கேள்வி. அவளுடைய விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்கும் சின்னக் கருவி தொண்ணூற்றேழு என்று காட்டியது.

"சிஸ்டர், இதுல நூறு வந்தா ஃபர்ஸ்ட் ரேங்க்கா?"

"ஆமா."

"இப்போ நான் எத்தனாவது?"

"நீ பேசாம இருந்தா முதலாவது."

வாசலில் சிஸ்டர் ஒரு கிளாம்பை மாட்டினார். பிளம்பரின் கையில் இருந்த பாட்டிலில் குமிழி நின்றது. குழாய்க்குள் ஏறி இறங்கிய தண்ணீர் அப்படியே உறைந்ததுபோல நின்றது. அவர் கூனிக்குறுகி, பாட்டிலை முட்டிக்குக் கீழே பிடித்தபடி நடந்தார். நாற்பது அடியை எண்ணினார். கண்ணாடிக் கதவு வந்தது. போனது. லிஃப்ட் திறந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழைந்தது. ஸ்ட்ரெச்சர்காரர் வழக்கம்போல ஃபேனைப் பார்க்கத் தலையைத் தூக்கினார்.

மூடப்போன கதவுக்கு நடுவில் ஒரு பளபளப்பான ஷூ நுழைந்தது.

"இருங்க, நானும் வர்றேன்" என்றார் சர்க்குலர். "விருந்தாளி மாடிக்கு வரும்போது நான் குழந்தையோட நிக்கணும்."

கதவு மூடியது. பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கதவு மூடியும் இரண்டாவது சட்டம் அமலுக்கு வரவில்லை.

அந்த லிஃப்ட் நோயாளிகளைவிட மெதுவாக நடப்பது. சிஸ்டரின் கை போர்வை ஓரத்தில் ஊர்ந்தது. சர்க்குலர் அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாம்பைப் பார்த்து அவருக்கு மனம் குளிர்ந்திருந்தது.

"பார்த்தீங்களா? ஒழுங்கு. இந்த விதி மட்டும் இல்லைன்னா எத்தனை பாட்டில் உடைஞ்சிருக்கும்!"

"சார், உங்க ரூம்ல ஃபோன் அடிச்ச மாதிரி இருந்துதே" என்றார் சிஸ்டர்.

"அடிக்கட்டும்."

"விருந்தாளி படி வழியா வந்துடப் போறார் சார். நீங்க முன்னாடி போனா..."

"அவர் படியேற மாட்டார். படியேறுற ஆளா மெஷின் வாங்கிக் கொடுப்பார்?"

வாலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், உங்க கோட்டுல இருக்கே, அது எதுக்கு? துணி காயப்போடுற கிளிப்பா?"

ஸ்ட்ரெச்சர்காரருக்கு இருமல் வந்தது. முழங்கை மடிப்புக்குள் இருமினார், தெரிவிக்க மறந்துவிட்டார்.

"இது விதி பதினாலு, பாப்பா" என்றார் சர்க்குலர்.

"அது... கடிக்குமா?"

நடுவில் மூச்சு வாங்கியது. சிஸ்டர் கருவியைப் பார்த்தார். தொண்ணூற்று மூன்று. பிளம்பர் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கண்ணால் 'இதோ' என்றார். அந்த 'இதோ'வில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

மேல் மாடியில் எக்ஸ்ரே அறை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். சிவப்பு, அகலம், நடுவில் பூப்போல ஒரு முடிச்சு. ரிப்பனுக்கு அந்தப்பக்கம் மெஷின். இந்தப்பக்கம் பிள்ளை. விருந்தாளி வந்து வெட்டினால்தான் பிள்ளை உள்ளே போக முடியும். அவர் கீழே காரிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதாகத் தகவல். அவர் பத்து நிமிடமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பழைய போர்வையா? ஃபோட்டோக்கு வேண்டாம்" என்றார் சர்க்குலர். புது நீலப் போர்வை ஒன்று வந்தது. வாலுவைக் கழுத்துவரை மூடி, நாலு பக்கமும் செருகினார்கள். குழாய் மறைந்தது. சிஸ்டர் போர்வைக்குள் கையை நுழைத்தார். விரல் கிளாம்பைத் தொட்டுவிட்டது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

"கத்தரிக்கோல் எங்கே?" என்று கத்தினார் சர்க்குலர்.

தட்டு இருந்தது. தட்டில் பூ இருந்தது. கத்தரிக்கோல் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது பேரை வெட்டித் தைக்கிற கட்டடத்தில், ஒரு ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை.

"சிஸ்டர், உங்க பாக்கெட்ல இருக்குமே! எடுங்க, நீங்களே போய்த் தட்டுல வைங்க. பூவுக்கு இடது பக்கம். இடது!"

தட்டு பத்தடி தள்ளி ஒரு ஸ்டூலில் இருந்தது. சிஸ்டர் கிளாம்பை விட்டுவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார்.

அந்த நேரம் பார்த்து ஃபோட்டோக்காரர் பிளம்பரிடம் வந்தார். "அண்ணே, அந்த பாட்டிலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ஃபிரேம்ல வரட்டும்."

"முடியாது."

"ஒரு செகண்டுதான்ணே. பாப்பா பக்கத்துல வைங்க, அழகா இருக்கும்."

"முட்டிக்கு மேல வராது தம்பி. வேணும்னா நீங்க கீழ படுத்து எடுங்க."

ஃபோட்டோக்காரர் முறைத்தார், பிளம்பர் அதைவிட அதிகமாக முறைத்தார். இருவரும் முறைத்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில், சர்க்குலர் போர்வையின் நெஞ்சுப் பக்கத்தைத் தூக்கி ஒழுங்கு பார்த்தார். முகம் சுளித்தார். ஒரே ஒரு கிளாம்ப். விதியோ இரண்டு என்கிறது. மேல் பாக்கெட்டிலிருந்து தன் கிளாம்பை எடுத்து, அக்குளை ஒட்டிக் குழாயில் மாட்டி, போர்வையை மறுபடி நேர்த்தியாகச் செருகிவிட்டு, லிஃப்ட் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முகத்தில் வரவேற்புப் புன்னகை. யாரும் பார்க்கவில்லை.

சிஸ்டர் திரும்பி வந்தபோது கருவியில் எண்பத்தாறு.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. வாலு பேசவில்லை.

"பாப்பா, இப்போ எத்தனாவது ரேங்க் நீ?"

அவள் சிஸ்டரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. தலையை அங்கும் இங்கும் புரட்டினாள். போர்வையைக் காலால் உதைத்தாள்.

"அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

"சிஸ்டர்" என்றார் பிளம்பர். "தண்ணி ஆடல. லிஃப்ட்ல ஆடும்னீங்க. ஆடல."

லிஃப்ட் கதவு திறந்தது. விருந்தாளி இறங்கினார். கேமரா வெளிச்சம் அடித்தது. சர்க்குலர் கையை விரித்து, "வாங்க, வாங்க" என்று ஆரம்பித்தார்.

பெரிய சிஸ்டர் பதினோரு வருடமாக ஜெயித்துவந்தவர். ஒருமுறையும் எதிர்த்து ஜெயித்ததில்லை, முதுகுக்குப் பின்னால்தான். இப்போது எல்லோரும் முன்னால் நின்றார்கள். கேமராவோடு. அவர் போர்வையின் செருகலை ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். கிளாம்பைப் பிடித்துக் கழற்றினார்.

"சிஸ்டர்!" சர்க்குலரின் புன்னகை அப்படியே நிற்க, பல்லிடுக்கில் குரல் வந்தது. "என்ன பண்றீங்க? விதி பதினாலு!"

"இதை அடைச்சா பிள்ளை செத்துடும் சார்" என்றார் சிஸ்டர். சத்தமாக. பதினோரு வருடச் சத்தமும் அதில் இருந்தது. "எப்பவுமே லிஃப்ட்ல எடுத்துடுவோம். ஒவ்வொரு தடவையும். இன்னைக்கு நீங்க வந்துட்டீங்க."

எல்லோரும் பாட்டிலைப் பார்த்தார்கள்.

குமிழி வரவில்லை.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. கிளாம்ப் அவர் கையில் இருக்கிறது. குழாய் திறந்திருக்கிறது. காற்று வரவில்லை. கருவியில் எழுபத்தொன்பது. உதட்டோரம் நீலம் பாரித்தது. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து நின்றது.

"ஆக்ஸிஜன்!" என்று கத்தினார் சர்க்குலர். "ஐசியூவைக் கூப்பிடுங்க! மயக்க டாக்டர் எங்கே? தியேட்டர்ல சொல்லுங்க!" எல்லாவற்றையும் கூப்பிட்டார். எல்லோரும் நாலு திசைக்கும் ஓடினார்கள். விருந்தாளி ரிப்பனோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சிஸ்டர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிள்ளையின் முகத்தில் அழுத்தியபடி, "ஊசி, பெரிய ஊசி கொண்டு வாங்க, நெஞ்சுல குத்தி எடுத்துடலாம்" என்று ஸ்ட்ரெச்சர்காரரை விரட்டினார். ஊசி கீழ் மாடியில் இருந்தது. அந்த லிஃப்டில்.

பிளம்பர் எதையும் கேட்கவில்லை. பாட்டிலைத் தரையில் வைத்து இரண்டு காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டார். மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, வால்வு திறந்திருக்கிறது, குழாயில் வரவில்லை என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கத்துவதில் பயனில்லை. லைனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பாட்டில் முனையிலிருந்து குழாயை விரலுக்கு நடுவில் வைத்து உருவிக்கொண்டே மேலே போனார். ஒரு முழம். மடிப்பு இல்லை. இரண்டு முழம். ஸ்ட்ரெச்சர் கம்பிக்கடியில் நசுங்கவில்லை. சிஸ்டர் கிளாம்ப் எடுத்த இடம். குழாயில் பல் தடம் மட்டும் இருந்தது. இன்னும் மேலே. மகளின் கை இடுக்குக்குள் விரல் நுழைந்தது. இரும்பு தட்டுப்பட்டது.

"இங்க இன்னொண்ணு இருக்கு!"

"இருக்காதே! நான் ஒண்ணுதான்..."

"இருக்கு சிஸ்டர்!"

அது எப்படித் திறக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் கடித்துக்கொண்ட இரும்பைத்தான் அவர் திறந்துவந்திருக்கிறார். இரண்டு வளையத்திலும் விரலைக் கொடுத்து ஒரு நெளி நெளித்தார். விட்டது.

பாட்டில் கொதித்தது. குடுகுடுவென்று குமிழி முட்டி மோதி மேலே வந்தது, அடைபட்டுக் கிடந்த காற்றெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்ததுபோல. தண்ணீர் பாட்டிலின் கழுத்துவரை தெறித்தது. வாலுவின் நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் தூக்கியது. பிறகு இரண்டு பக்கமும்.

எழுபத்தாறு. எண்பத்திரண்டு. பிளம்பருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகத் தெரிந்தது. எண்பத்தொன்பது. தொண்ணூற்று நாலு. குமிழி நிதானத்துக்கு வந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஏறியது. இறங்கியது. ஏறியது.

"ஆடுது" என்றார். தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்தக் கிளாம்ப் இருந்தது. அதில் சர்க்குலரின் பெயர் பொறித்திருந்தது.

அவர் அதைப் படித்தார். எழுந்தார். சர்க்குலருக்கு முன்னால் போய் நின்றார். அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சர்க்குலரும் நினைத்தார், ஓரடி பின்வாங்கி ரிப்பனில் இடித்துக்கொண்டார்.

பிளம்பர் அடிக்கவில்லை. கழற்றிய கட்டையை மாட்டாமல் விட்டவருக்குக் கை எழவில்லை. கிளாம்பை அவருடைய மேல் பாக்கெட்டிலேயே போட்டார்.

"இது கடிக்கும் சார்" என்றார்.

சர்க்குலரின் விரல்கள் பாக்கெட்டைத் தொட்டதும் சட்டென்று விலகின. கத்தி பிடித்த காலத்து விரல்கள், என்ன நடந்தது என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது.

ரிப்பனை அன்று யாரும் வெட்டவில்லை. பின்னால் இடித்ததில் தானே அவிழ்ந்து விழுந்தது. அதன் மேலேயே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் படம் எடுத்தார்கள். மெஷின் கொடுத்தவர் அவசர வேலை என்று கிளம்பிவிட்டார், படி வழியாக.

மறுநாள் காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. சர்க்குலர் தன் வாழ்நாளில் எழுதியதிலேயே சின்னது: குமிழி வரும் குழாய்க்குக் கிளாம்ப் போடக் கூடாது. ஒரே வரி. அடியில் கையெழுத்து கொஞ்சம் கோணல். மதியமே அதன் திருத்திய பதிப்பும் வந்தது. ஏழு பக்கம், 'எனது நீண்டகால ஆய்வின் பயனாக' என்று தொடங்கியது. பெரிய சிஸ்டர் ஏழு பக்கத்தையும் மடித்து ஆடிக்கொண்டிருந்த மருந்து அலமாரியின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். ஒற்றை வரியைச் சுவரில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் குமிழி நின்றது. பிளம்பர் பாய்ந்தெழுந்து குழாயை உருவத் தொடங்கினார். சிஸ்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"தண்ணி ஆடுதா?"

"ஆடுது. குமிழிதான் காணோம்."

"அப்போ கிழிசல் மூடிடுச்சுண்ணே. இது நல்லதுக்கு நின்னது. கொஞ்சம் சிரிங்க."

அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிதான் அவர் தோளைத் தட்டினாள். "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா நல்லா திட்டுறேன், இப்போ விடுங்க" என்றாள். அவருக்குப் போன உயிர் திரும்பியது.

ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் எக்ஸ்ரே. மறுபடியும் லிஃப்ட். கிளாம்ப் இல்லாமல் கண்ணாடிக் கதவைக் கடந்து போனார்கள். லிஃப்ட் கதவு மூடியதும் ஸ்ட்ரெச்சர்காரர் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார்.

"இனிமே பார்க்க வேண்டாமே" என்றார் சிஸ்டர்.

"பழகிடுச்சு சிஸ்டர். அந்த ஃபேன் சுத்தவே இல்லைங்கறது பதினோரு வருஷமா எனக்கு மட்டும்தான் தெரியும்."

நுரையீரல் முழுசாக விரிந்திருந்தது. குழாயை எடுக்க டாக்டர் வந்தார். பதிவேட்டு அறையில் தூசி தட்டிய அதே இளம் டாக்டர். "பாப்பா, மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிச்சுக்கணும். நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது. பேசக்கூடாது. முடியுமா?"

"மூச்சு பிடிக்க முடியும்" என்றாள் அம்மா. "பேசாம இருக்கிறதுதான்..."

வாலு கன்னத்தை உப்பவைத்துப் பிடித்தாள். கண் இரண்டும் பிதுங்கின. டாக்டர் ஒரே இழுப்பில் குழாயை உருவினார், சிஸ்டர் துணி வைத்து அழுத்தினார், ஒட்டுப் போட்டார். முடிந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வாலு மட்டும் விடவில்லை. கன்னம் சிவக்க, ஒவ்வொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன்! விடு பாப்பா, விடு!"

விட்டாள். அந்த மூச்சோடு வார்த்தையும் வந்தது.

"அப்பா, கேட்டுக்குக் கட்டை வெச்சாச்சா?"

"அன்னைக்கு ராத்திரியே வெச்சாச்சு."

"நல்லா முடுக்கினியா?"

"முடுக்கினேன்."

"அப்போ ரயில் ஓட்டலாம்ல?"

பிளம்பர் மனைவியைப் பார்த்தார். அவள் திட்ட ஆரம்பித்தாள்.